ஓடைக்கு நேரே ஒரு சைபர்

எந்தத் தண்ணீரிடம் போனாலும் அப்பா நேராகப் போகமாட்டார். முதலில் சூரியன் எந்தப் பக்கம் என்று அண்ணாந்து பார்ப்பார். பிறகு ஒரு சுற்றுச் சுற்றி, தன் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாகப் போய் நிற்பார். கிணறு, தொட்டி, மழைக்குத் தெருவில் தேங்கிய குட்டை, எதுவானாலும் அப்படித்தான். வீட்டுக்குள் வெயிலே வராது. ஆனாலும் குளியலறை வாளியை ஓரமாக நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொம்பை எடுப்பார். குடிக்கிற டம்ளரைக்கூடக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் ஒரு பார்வை.

"உள்ள முதலையா படுத்திருக்கு? குடிச்சுத் தொலைங்க," என்பாள் அம்மா.

விவரம் தெரிந்த நாள் முதல் மகள் இதைப் பார்த்து வளர்ந்தவள். எல்லா அப்பாக்களும் தண்ணீரை இப்படித்தான் அணுகுவார்கள் என்று நினைத்திருந்தாள். பள்ளித் தோழி ஒருத்தியின் அப்பா, குழாயடியில் குனிந்து மடக் மடக்கென்று குடித்ததைப் பார்த்தபோது, ஐயோ, பார்க்காமலே குடிக்கிறாரே என்று இவள் பதறிப்போனாள். அன்று மாலை கேட்டாள்.

"ஏம்பா எப்பவும் சுத்தியே போறீங்க?"

"நம்ம நிழல் மேல விழுந்தா கொசுப்புழு சட்டுனு அடியில போய் ஒளிஞ்சுக்கும்மா. அப்புறம் அகப்பையில வராது. நாம வர்றது அதுக்குத் தெரியக்கூடாது."

"தெரிஞ்சா?"

"நம்மள ஏமாத்திடும்."

ஏழு வயதுக்கு அந்தப் பதில் போதும்.

அவர் நகராட்சியின் கொசு ஒழிப்புப் பிரிவில் களப்பணியாளர். காலை ஏழு மணிக்குக் காக்கிச் சட்டை, முதுகில் மருந்துத் தெளிப்பான், கையில் வெள்ளை அகப்பை. சமையலறை அகப்பை இல்லை. கைப்பிடியே ஓர் ஆள் உயரம் இருக்கும். நுனியில் பால் நிறத்தில் ஒரு கிண்ணம். வெள்ளையில்தான் புழு நெளிவது தெரியும். ஒவ்வோர் இடத்திலும் பத்து முறை மொள்ள வேண்டும். பத்திலும் சேர்த்து எத்தனை புழு என்று எண்ணி, பதிவு அட்டையில் அந்த இடத்தின் பெயருக்கு நேரே எழுத வேண்டும். புழு இருந்தால் மருந்து. இல்லையென்றால் சைபர் போட்டுவிட்டு அடுத்த இடம். வாரம் ஆறு நாள், வருஷம் முழுவதும் இதுதான் வேலை. கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் மகள் 'சுகாதாரத் துறை' என்று எழுதினாள். பொய் இல்லை. ஆனால் அதை எழுதும்போது பேனாவை ஏன் அவ்வளவு அழுத்தினோம் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறாள்.

அவர் வட்டத்தில் பதினான்கு இடங்கள். பேருந்து நிலையத்துச் சாக்கடை, பள்ளிக்கூடத் தொட்டி, கட்டி முடிக்காமல் விட்ட ஒரு கட்டடத்தின் அடித்தளக் குழி என்று போகும் பட்டியலில் பதின்மூன்றாவது, ஓடை. ஊருக்குப் பின்னால் இருந்த மேட்டுக் காட்டிலிருந்து இறங்கி, வீடுகளின் கொல்லைப்புறமாக வளைந்து, ஒரு சிறுபாலத்தின் அடியில் நுழைந்து, பெரிய வாய்க்காலில் போய்ச் சேரும். முழங்காலுக்கு மேல் ஆழம் கிடையாது. உதிர்ந்த இலைகள் ஊறி ஊறித் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இருக்கும். கரையில் நின்ற மரங்களின் வேர்கள் சிக்குப் பிடித்த தலைமுடி போலத் தண்ணீருக்குள் தொங்கும். பார்த்தால் கொசுவுக்கென்றே வாடகைக்கு விட்ட இடம் மாதிரி இருக்கும். ஆனால் அட்டையில் அதற்கு நேரே எப்போதும் சைபர். ஒன்பது வருஷம், வாராவாரம், சைபர். பிரிவில் அவர் பெயரே சைபர் அண்ணன் என்று ஆகிவிட்டது.

பாலத்தை ஒட்டி ஒரு பஞ்சர் கடை. வாசலில் பழைய டயர்கள் மலைபோல் குவிந்திருக்கும். டயருக்குள் மழைத் தண்ணீர், தண்ணீருக்குள் புழு. ஒவ்வொரு வாரமும் அப்பா அதையெல்லாம் கவிழ்த்துக் கொட்டுவார். பஞ்சர் கடைக்காரர் ஒவ்வொரு வாரமும் சண்டைக்கு வருவார்.

"வானம் எனக்கு ஓசியில குடுத்த தண்ணி அண்ணே. அதைக்கூட விட்டு வைக்க மாட்டீங்களா?"

"உனக்கு மட்டுமா குடுத்துச்சு? உள்ள ஒரு ஊரே குடியிருக்கு பாரு."

"வாடகை குடுத்தா இருந்துட்டுப் போகட்டும்."

சண்டை முடிந்ததும் இருவரும் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து ஆளுக்கொரு தேநீர் குடிப்பார்கள்.

மகள் கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது புதிதாக ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். வயதில் சின்னவர், சுறுசுறுப்பானவர், எதையும் எண்ணாக மட்டுமே நம்புகிறவர். பழைய அட்டைகளையெல்லாம் எடுத்துப் புரட்டி, அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள்.

"என்னய்யா இது? பஞ்சர் கடையில நாப்பது புழு. அதே பாலத்துக்குக் கீழ, பத்தடி தள்ளி ஓடையில சைபர். போன வாரம் சைபர், போன வருஷம் சைபர். வீட்ல உக்காந்து எழுதுறியா?"

"இல்ல சார். மொண்டு பாத்துத்தான் எழுதுறேன்."

"அப்போ கொசு அந்த ஓடையை மட்டும் மதிச்சு ஒதுங்கிப் போகுதாக்கும்?"

நான்கு பேரும் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். அதுதான் தன்னை ரொம்ப நாள் குடைந்தது என்று பிறகு சொன்னார். காரணம் அவருக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும். அட்டையில் புழுவுக்கு இடம் இருந்தது, மருந்துக்கு இடம் இருந்தது, காரணத்துக்கு இடம் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டரே ஓடைக்கு வந்தார். அகப்பையை வாங்கித் தானே மொண்டார். பத்து முறை, இருபது முறை. இலைத் துணுக்கும் ஒரு தண்ணீர்ப் பூச்சியும் வந்தன. புழு வரவில்லை.

"சார், கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. உங்க நிழல் விழுது," என்றார் அப்பா.

இருவரும் மரத்தடியில் குந்தி உட்கார்ந்தார்கள். அப்பா பஞ்சர் கடை டயர் ஒன்றிலிருந்து ஒரு கிண்ணம் புழுவை மொண்டு வந்து, வேர்களுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் சாய்த்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தண்ணீரின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, இதுவரை வெளிச்சத் துணுக்கு என்று நினைத்ததெல்லாம் அசைந்தது. ஒவ்வொரு துணுக்கும் ஒரு மீனின் தலை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள். உச்சந்தலையில் மட்டும் பாதரசத் துளி மாதிரி ஒரு பொட்டு. வாய் மேல்நோக்கித் திறந்திருந்தது. கண்ணின் மேல் விளிம்பு பச்சையாக மின்னியது. டிக், டிக், டிக் என்று எட்டுத் திக்கிலிருந்தும் வந்தன. ஒரு நிமிஷத்தில் அந்தக் கிண்ணத்துப் புழு அத்தனையும் காலி. பொட்டுகள் மறுபடியும் அசையாமல் நின்று வெளிச்சமாகிவிட்டன.

"அடடா!" என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு வருஷத்து அட்டையும் மறந்துபோன முகம். "இன்னொரு தரம் போடுய்யா!"

பாலத்தின் மேலிருந்து பஞ்சர் கடைக்காரர் குனிந்து பார்த்தார். "என் டயர்ல வளந்த பசங்க சார். நல்ல ஊட்டம்."

அப்பா அன்று வீட்டுக்கு வந்தபோது, அம்மா சொல்வாள், தரையில் கால் பாவவில்லை. "அவரு என்னைப் பாத்து 'மன்னிச்சுக்கய்யா'ன்னார். இன்ஸ்பெக்டர்! என்னைப் பாத்து!" என்று மூன்று தடவை சொன்னாராம்.

இன்ஸ்பெக்டர் நல்லவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் ஓடை தப்பித்திருக்கும். ஒரே வாரத்தில் திட்டம் போட்டுவிட்டார்: இந்த மீனைப் பிடித்து ஊரிலுள்ள தொட்டி, குழி, குட்டை எல்லாவற்றிலும் விட வேண்டும். மருந்துச் செலவு இல்லை, புகை இல்லை. பொறுப்பு, சைபர் அண்ணனுக்கு. எத்தனை மீன் எங்கே விட்டது என்று அவரே குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்பா அன்று மகளின் கல்லூரி விடுதிக்குப் போன் செய்தார். சத்தத்திலேயே சிரிப்புத் தெரிந்தது.

"பாப்பா, நம்ம பொட்டு மீன் எங்க முட்டை போடும், எத்தனை போடும்னு உங்க புத்தகத்துல பாத்துச் சொல்றியா? சீக்கிரம் தேவைப்படுது."

"சரிப்பா, பாக்குறேன்."

அவள் பார்க்கவில்லை. அடுத்த வாரம் தேர்வு. மண்புழுவின் நரம்பு மண்டலத்தை வரைந்து வரைந்து பழகிக்கொண்டிருந்தாள். நூலகத்தில் மீன் அலமாரி அவள் உட்காரும் மேசையிலிருந்து ஏழெட்டு அடிதான் இருக்கும். அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் பார்த்திருப்பாள். படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவர் கேட்கவில்லை.

மூன்று வாரம். கொசுவலைத் துணியால் ஒரு வலை தைத்துக்கொண்டு, நிழல் விழாத பக்கமாக நின்று, அப்பா பிடித்தார். எங்கே நிற்கும், எப்போது நகரும், எந்த வேரடியில் ஒளியும் என்று ஒன்பது வருஷம் பார்த்துத் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த மூன்று வாரத்தில் செலவானது. வேறு யார் பிடித்திருந்தாலும் பாதி தப்பியிருக்கும். அறுநூற்று நாற்பது மீன். மீன் என்றால் ஆயிரக்கணக்கில் முட்டை போடும், மீதி இருக்கிற நாலைந்து போதும், ஒரு மழைக்கு ஓடை நிறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார். சந்தையில் பெரிய மீன்களின் வயிற்றில் சினை பார்த்தவர், இதுவும் மீன்தானே.

தொட்டிகளில் விட்ட மீன்களின் கதை சீக்கிரம் முடிந்தது. இந்த மீன் துள்ளும். பூச்சியைப் பிடிக்க, எதிரியிடமிருந்து தப்பிக்க, சில சமயம் காரணமே இல்லாமல். ஓடையில் துள்ளினால் ஓடையிலேயே விழும். சிமெண்டுத் தொட்டியில் துள்ளினால் சிமெண்டுத் தரையில். பள்ளிக்கூடத்துப் பூனை ஒரு மாதத்தில் பெருத்துவிட்டது. மருத்துவமனைத் தொட்டியை யாரோ பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். அடித்தளக் குழி வெயிலில் வற்றியது. இதற்கெல்லாம் முன்பே படம் எடுத்து, அறிக்கை எழுதி, இன்ஸ்பெக்டர் பாராட்டு வாங்கி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

மழை வந்தது, போனது. ஒரு திங்கள்கிழமை ஓடையில் பத்து முறை மொண்டதில் நான்கு புழு வந்தன.

அப்பா மறுபடியும் மொண்டார். ஐந்து. வேறு இடத்தில் மொண்டார். மூன்று.

அன்று நடந்ததைப் பஞ்சர் கடைக்காரர்தான் மகளிடம் சொன்னார். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பாலத்துக் கட்டையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

"சைபர் போட்டுட்டுப் போங்கண்ணே. இனிமே உங்கள யாரு சந்தேகப்படப் போறா? இன்ஸ்பெக்டரே வந்து மொண்ட ஓடை," என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"அதான்டா. இப்போ பொய் எழுதினா யாருக்கும் தெரியாது."

"அப்புறம் என்ன?"

"ஓடைக்குத் தெரியுமே."

நான்கு என்று எழுதினார். முதல் முறையாக அந்த இடத்தில் ஓர் எண். மருந்து அடிக்க வேண்டும் என்பது விதி. தெளிப்பானைத் தோளில் மாட்டி, பிறகு இறக்கி, கரையோரம் கையளவு மட்டும் அடித்துவிட்டு வந்தார். மிச்சம் மீதி மீன் இருந்தால் அதற்கும் ஆகாதே என்ற பயம்.

அந்த விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வந்தபோது கொல்லையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. மேலே கொசுவலை கட்டியிருந்தது. உள்ளே பதினோரு பொட்டுகள். ஊரெல்லாம் அலைந்து, பூனையும் பிளீச்சிங்கும் மிச்சம் வைத்ததைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தார். பள்ளிக்கூடத்துக் காவலாளி, "குடுத்த மீனைத் திருப்பிக் கேக்குற முதல் ஆள் நீங்கதான்," என்று மானத்தை வாங்கினாராம்.

"நாப்பது நாளாச்சு பாப்பா. ஒரு முட்டை போடல. என்ன குறைன்னு தெரியல."

அவளுக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது. அவர் கேட்டது, இவள் சரி என்றது, எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. மறுநாள் பேருந்து பிடித்துக் கல்லூரிக்குப் போய், விடுமுறைக்குப் பூட்டியிருந்த நூலகத்தைத் திறக்கச் சொல்லி, அந்த ஏழெட்டு அடியை நடந்தாள். ஒரே ஒரு பக்கம்தான். கில்லிஃபிஷ் என்று ஒரு கூட்டம். சின்ன ஓடைகளிலும், குட்டைகளிலும் வாழ்கிறவை. அந்தப் பெயரின் முதல் பாதிக்கு டச்சு மொழியில் ஓடை என்றே பொருளாம். இந்த வகை, மற்ற மீன்களைப் போலக் கொத்தாகச் சினை விடாது. ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சிப் போனால் நாலைந்து. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ஓர் ஒட்டும் நூலால் வேரிலோ செடியிலோ தொங்கவிடும். பொரிய இரண்டு வாரம் ஆகும். குஞ்சைப் பெற்றவையே தின்னும்.

வேர் வேண்டும். அவ்வளவுதான் குறை.

திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னாள். 'முன்னாடியே சொல்லியிருக்கலாமே' என்று அவர் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்டது வேறு.

"ஒண்ணு ஒண்ணாவா போடுது?"

"ஆமாப்பா."

"அப்போ நான் எடுத்த அறுநூத்தி நாப்பதும் ஒண்ணு ஒண்ணா வந்தது." தொட்டியின் கொசுவலையை இழுத்துக் கட்டினார். "எத்தனை வருஷத்து வேலையை மூணு வாரத்துல அள்ளிட்டேன் பாரு."

வேருக்காக ஓடைக்கரை மரத்தை வெட்ட அவருக்கு மனசு வரவில்லை. அடுத்த நாள் காலை அம்மாவின் குரல் தெருமுனைவரை கேட்டது.

"தரை துடைக்கிற மாப்ப எவன் எடுத்தான்?"

புது மாப்பு. நூலெல்லாம் கத்தரித்து, வெந்நீரில் அலசி, ஒரு தக்கையில் கட்டித் தொட்டியில் மிதக்க விட்டிருந்தார் அப்பா. சிக்குப் பிடித்த தலைமுடி போல அது தொங்கியது. அம்மா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மீனுக்குத் தரை துடைக்கணுமாக்கும்?"

"ரெண்டு நாள் பொறு."

மூன்றாம் நாள் அப்பாவும் மகளும் அந்த நூல்களை ஒவ்வொன்றாக விரலால் உருவினார்கள். குண்டூசித் தலை அளவில் ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடி மணி மாதிரி இருந்தது. விரலால் எடுத்தும் நசுங்கவில்லை. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அப்பா வழக்கம்போலப் பக்கவாட்டில் வந்து நின்றார். ஒரு வாரம் கழித்து அதே முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தன. கண்கள். அவர் சற்றே நகர்ந்தபோது நிழல் விழுந்து, உள்ளிருந்தது ஒரு தரம் துடித்துத் திரும்பியது.

"இன்னும் பொறக்கவே இல்ல. அதுக்குள்ள நிழலுக்குப் பயம்!" என்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா எட்டிப் பார்த்தாள். அதன் பிறகு மாப்பைப் பற்றிக் கேட்கவில்லை. முட்டை இருக்கிற ஜாடியைக் குழம்புப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

அப்படித்தான் திருப்பித் தருவது தொடங்கியது. குஞ்சுகளைத் தனியே வளர்த்து, தலையில் பொட்டு நன்றாகத் தெரிகிற வயது வந்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாடியில் கொண்டுபோய் விட்டார். இந்த வாரம் நான்கு, அடுத்த மாதம் ஒன்பது. எடுத்ததைக் குறித்த அதே அலுவலகத் தாளின் பின்பக்கத்தில் விட்டதைக் குறித்தார்.

மகளுக்கு ஒரு சந்தேகம். "அப்பா, நீங்க விட்டது ஓடையிலயும் குஞ்சு போடுமே. அதையும் சேத்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

"அது ஓடையே பெத்துக்கிட்டது. நான் குடுத்ததுல எப்படிச் சேரும்? உன் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட கோழி கடன் வாங்கினா, அவன் வீட்டுக் குஞ்சைக் காட்டியா கடனைத் தீப்ப?"

கணிதப்படி தான் சொன்னதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறாள். ஆனால் அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று காட்டவும் முடியவில்லை.

வருஷங்கள் போயின. அவள் படிப்பை முடித்து, வேறு ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுவதும் நுண்ணோக்கியில் அணுக்களை எண்ணுகிற வேலை. குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் எண்ணுகிற வேலை இரண்டாம் தலைமுறை என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். ஓடையின் எண் நான்கிலிருந்து மூன்று, இரண்டு, நடுவில் ஒரு கெட்ட வருஷத்தில் ஆறு, பிறகு ஒன்று. வாராவாரம் போனில் அதைத்தான் முதலில் சொல்வார். தலைவலியோ, சம்பளமோ, கல்யாணப் பேச்சோ எல்லாம் அதற்குப் பிறகு. அந்த இடத்தில் மறுபடியும் சைபர் போடாமல் ஓய்வு பெறப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு நாள் போன் வந்தது. "பாப்பா..." என்றார்.

"சைபராப்பா?"

"சைபர்."

அவ்வளவுதான் பேசினார்கள். அடுத்த வாரமும் சைபர், அதற்கடுத்த வாரமும்.

ஓய்வு பெற்று ஒன்றரை வருஷத்தில் அவர் இறந்துபோனார். மாரடைப்பு, ஒரு மதியம், சாப்பிட்டு எழுந்தவர். வந்தவர்கள் எல்லாம் போனபிறகு, அவருடைய காகிதங்களைப் பிரித்துப் பார்த்த மகளுக்குப் பழைய அட்டைகளோடு ஓர் அலுவலகக் கடிதம் கிடைத்தது. ஓடை என்ற இடத்தில் ஆண்டுக்கணக்கில் புழு பதிவாகி வந்த நிலையில், ஓய்வு பெறும் சமயத்தில் திடீரெனத் தொடர்ந்து சைபர் பதிந்தது குறித்து விளக்கம் கேட்டும் தராததால், பொய்ப் பதிவு எனக் கருதி எச்சரிக்கப்படுகிறார் என்று எழுதியிருந்தது. கீழே, பெற்றுக்கொண்டேன் என்று அப்பாவின் கையெழுத்து. ஓய்வு பெற்ற தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு.

அவள் அதை எடுத்துக்கொண்டு நேராகப் பஞ்சர் கடைக்குப் போனாள்.

"இது உங்களுக்குத் தெரியுமா மாமா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைப் படித்தார். "தெரியும்மா. புதுசா வந்த அந்த அதிகாரி இங்கயே வந்தாரு. இதே பாலத்துல நின்னுகிட்டு, 'என்னய்யா, போற நேரத்துல வீட்ல உக்காந்து எழுதுறியா'ன்னாரு."

"அதே வார்த்தையா?"

"அதே வார்த்தை. எங்கதான் சொல்லிக் குடுக்குறாங்களோ. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நான் வாயைத் திறக்கப் போனேன், அண்ணன் என் கால மிதிச்சாரு. 'புழு இல்ல சார்'னாரு. 'ஏன் இல்ல?'ன்னு கேட்டாரு அந்த ஆளு. 'தெரியல சார், அதிர்ஷ்டம்'னாரு உங்கப்பா."

"மீனைக் காட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே."

"நானும் அதான் கேட்டேன். டயரு பக்கத்துலயே இருக்கு. ஒரு கிண்ணம் புழுவை ஊத்தினா அரை நிமிஷத்துல மரியாதை திரும்பி வந்திருக்கும். அதுக்கு அண்ணன் சொன்னாரு, 'ஒரு தரம் நல்லவன்னு பேரு வாங்கினேன்டா. அதுக்கு என்ன விலைன்னு நீயும் பாத்தியே'ன்னு. அத்தோட அந்த அதிகாரி தண்ணியில நேரா நிழல் விழற மாதிரி வேற நின்னுகிட்டு இருந்தாரு. ஒண்ணும் தெரியாம எழுதிகிட்டுப் போயிட்டாரு."

மகள் கடிதத்தை மடித்தாள். வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வாரமும் போனில் சைபர் என்றுதான் சொன்னார். குரலில் ஒரு குறையும் தெரியவில்லை. மறைத்தாரா, அல்லது அவருக்கு இது சொல்லும் அளவுக்குப் பெரிதாகவே படவில்லையா என்று யோசித்துப் பார்த்தாள். தானாக இருந்தால் காட்டியிருப்போம் என்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. படம் எடுத்து, கீழே தன் பெயரும் போட்டு.

அடுத்த ஞாயிறு, கொல்லைத் தொட்டியில் இருந்த பெரிய மீன்களில் சினைக்கு வேண்டியதை விட்டுவிட்டு, மற்றதை ஜாடியில் எடுத்தாள். முப்பத்தொன்று. ஓடைக்கரைக்குப் போனவள் சூரியனைப் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். கால்கள் தாமாகவே போயின. ஜாடியைச் சாய்த்ததும் மீன்கள் ஒரு கணம் திகைத்து நின்றன. வேருக்குள் ஏற்கெனவே நின்றிருந்த பொட்டுகளோடு அவை கலந்த பிறகு, எது அப்பா விட்டது, எது ஓடை பெற்றது, எது இன்று வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அணுக்களை எண்ணுகிற கண் இருந்தும் முடியவில்லை.

பாலத்தின் மேலிருந்து பஞ்சர் கடைக்காரர் குரல் கொடுத்தார்.

"அதான் ஓடை நிறைஞ்சு கிடக்கே பாப்பா. இன்னும் எதுக்கு?"

"அப்பா கணக்குப்படி பாக்கி இருக்கு மாமா."

"எவ்வளவு?"

அவள் பையிலிருந்து அலுவலகத் தாளை எடுத்தாள். முன்பக்கம் அறுநூற்று நாற்பது. பின்பக்கம் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில், வாரம் வாரமாக, நானூற்று இருபத்து மூன்று. அதன் கீழே இன்றைய முப்பத்தொன்றை எழுதுவதற்கு முன் கொஞ்சம் தயங்கினாள். இதை அவர் கொடுத்ததாக எழுதுவதா, தான் கொடுத்ததாகவா? நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்ட வாரத்துக்கு எத்தனை மீன் என்று யார் சொல்வது?

எழுதினாள்.

"நூத்தி எண்பத்தாறு," என்றாள்.

"ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டுன்னு முட்டை போடுற மீன்," என்று பஞ்சர் கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "சரி, அந்த மூணாவது டயர்ல நல்லாப் புழுத்திருக்கு. போகும்போது கவுத்துட்டுப் போயிடு. அண்ணன் இல்லாம யாரும் சண்டைக்கே வர மாட்டேங்குறாங்க."